“நூறு பர்சென்ட் பார்க்கலாம் சார்”: மலையில் விற்கும் திமிங்கலச் சுறா டூர் தேறுமா?

ஊட்டியிலோ குன்னூரிலோ ஒரு டிராவல்ஸ் கடைக்குள் போய் மாலத்தீவு, பிலிப்பைன்ஸ் பேக்கேஜ் கேட்டால், மூன்றாம் நாள் திட்டத்தில் “திமிங்கலச் சுறாவுடன் நீச்சல்” என்று ஒரு வரி இருக்கும். காலை டிபனுக்கும் மதியச் சாப்பாட்டுக்கும் நடுவில் அடக்கிவிட்ட ஒரு வரி. பலர் பேக்கேஜையே அந்த வரிக்காகத்தான் எடுக்கிறார்கள். மேற்கொண்டு விவரம் கேட்டால் வழக்கமாக வரும் பதில், “கட்டாயம் பார்க்கலாம் சார், நூறு பர்சென்ட்.” ஹோட்டல், விமானம், பஃபே பற்றியெல்லாம் மற்றவர்கள் எழுதிக்கொள்ளட்டும். இங்கே அந்த ஒரு வரியை மட்டும் பிரித்துப் பார்க்கலாம்.

முதலில் சரக்கு என்ன என்று தெரிய வேண்டும். திமிங்கலச் சுறா திமிங்கலம் கிடையாது. செவுளால் மூச்சுவிடும் மீன். இன்று உயிரோடிருக்கும் மீன்களிலேயே பெரியது. 18 மீட்டர் வரை வளர்ந்தவை பதிவாகியிருக்கின்றன. மேட்டுப்பாளையம் போகும் அரசு பஸ்ஸைவிட நீளம். டூரில் கண்ணில் படுபவை பெரும்பாலும் 4 முதல் 8 மீட்டர் வரை உள்ள இளசுகள். ஆயிரக்கணக்கில் பல் இருந்தும் எல்லாம் அரிசிமணி அளவு, கடிக்க உதவாது. வாயைத் திறந்து தண்ணீரை உள்ளே வாங்கி, டீ வடிகட்டுவதுபோல் மிதவை உயிரிகளையும் மீன் முட்டைகளையும் வடித்துத் தின்கிறது. குட்டி போடும் வயதுக்கு வரச் சுமார் 30 ஆண்டு ஆகும். அதனால் ஒன்று போனால் அந்த இடம் நிரம்ப ஒரு தலைமுறை பிடிக்கும். 2016 முதல் சர்வதேசச் சிவப்புப் பட்டியலில் அழியும் அபாயத்தில் உள்ள இனமாக இருக்கிறது. இந்தியாவில் 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. முதுமலையில் புலிக்கும் யானைக்கும் என்ன சட்டமோ, கடலில் இதற்கும் அதே சட்டம்.

கடைகளில் கிடைக்கும் திமிங்கலச் சுறா டூர்களை மூன்று வகைக்குள் அடக்கிவிடலாம். தீனி போட்டு வரவழைக்கும் இடம். தானாக வரும் மீனைப் படகில் தேடிப் போகும் இடம். தேடிப் போவதோடு கறாரான சட்டமும் காவலும் உள்ள இடம். விலையும் அதே வரிசையில் ஏறும்.

தீனி போடும் இடம் என்றால் பிலிப்பைன்ஸில் செபு தீவின் ஓஸ்லோப். தான்-அவான் என்கிற மீனவக் கிராமத்தில் 2011 வாக்கில் தொடங்கியது. துடுப்புப் படகில் உட்கார்ந்தபடி “உயாப்” என்கிற பொடி இறாலைக் கைப்பிடி கைப்பிடியாக நீரில் தூவுவார்கள். மீன்கள் நிமிர்ந்து நின்று, நீர்மட்டத்தில் வாயைத் திறந்து வாங்கிக்கொள்ளும். காலை 6 மணி சுமாருக்குத் தொடங்கி நண்பகலோடு முடிந்துவிடும். கரையில் ஐந்து நிமிட விளக்கவுரை, ஒரு லைஃப் ஜாக்கெட், அரை மணி நேரம் தண்ணீரில், அவ்வளவுதான். வருடத்துக்கு லட்சக்கணக்கானோர் போகும் இடம். “நூறு பர்சென்ட்” என்று சொல்ல முடிவது இங்கே மட்டும்தான். கடைக்காரர் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே கட்டாயம் பார்க்கலாம்.

அந்த உத்தரவாதம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. மேட்டுப்பாளையம்–குன்னூர் ரோட்டில் கல்லாறு தாண்டி ஏறும்போது கொண்டை ஊசி வளைவுகளில் குரங்குகள் உட்கார்ந்திருக்குமே, அதை நினைத்துப் பாருங்கள். அவை அங்கே உட்கார்ந்திருப்பது நம் சிப்ஸ் பாக்கெட்டுக்காக. தின்பண்டம் வருவது காரிலிருந்து என்று கற்றுக்கொண்ட குரங்கு காரைக் கண்டால் ஓடாது, காரை நோக்கி வரும். பிறகு டயரில் சிக்கும். ஓஸ்லோப்பில் நடப்பது அட்சரம் பிசகாமல் இதுதான். படகு என்றால் உணவு என்று மீன் கற்றுக்கொண்டுவிட்டது. அது துடுப்புப் படகையும் மோட்டார் படகையும் பிரித்துப் பார்க்குமா? ஓஸ்லோப்பை விட்டு நகர்ந்து வேறு கடலுக்குப் போனாலும் புரொப்பெல்லர் சத்தம் கேட்டால் விலகாமல் நெருங்கக்கூடும். அங்கே வரும் மீன்களில் பெரும்பாலானவற்றின் உடலில் வெட்டு, உராய்வுத் தழும்பு இருப்பதை ஆய்வாளர்கள் படம் எடுத்துப் பதிவு செய்திருக்கிறார்கள். சில நாள் தங்கிவிட்டு நகர வேண்டிய மீன் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கிறது. பல்வகை மிதவை உயிரிகளைத் தின்ன வேண்டியது ஒரே வகை இறாலுக்குப் பழகுகிறது. தினமும் நூற்றுக்கணக்கானோர் மிதிக்கும் அந்தச் சிறு விரிகுடாவின் பவளப்பாறையும் தேய்ந்துவிட்டது.

இன்னொரு விஷயத்தை எந்த விளம்பரத்திலும் பார்க்க முடியாது. நம் வன உயிரினச் சட்டத்தில் “வேட்டை” என்பதன் வரையறையில் சுடுவதும் கண்ணி வைப்பதும் மட்டும் இல்லை. இரை காட்டி ஈர்ப்பதும் சேரும். ஓஸ்லோப் முறையை மண்டபத்திலோ தூத்துக்குடியிலோ யாராவது ஆரம்பித்தால் அது சுற்றுலா ஆகாது, வழக்கு ஆகும். இங்கே குற்றமாக இருக்கும் ஒன்றை அங்கே காசு கொடுத்துப் பார்க்க வேண்டுமா என்பது அவரவர் மனசாட்சி. எங்கள் மதிப்பீடு: வாங்க வேண்டாம். பிலிப்பைன்ஸ்தான் போக வேண்டும் என்று வீட்டில் முடிவாகிவிட்டால், லூசோன் தீவின் தென்கோடியில் டோன்சோல் இருக்கிறது. அங்கே இந்த மீனுக்குப் பெயர் “புத்தான்டிங்”. 1998 முதல் தீனி இல்லாமல் டூர் நடக்கிறது. ஒரு மீனுக்கு ஒரு படகு, 6 பேர், சிலிண்டர் கட்டி மூழ்கும் ஸ்கூபா கிடையாது. டிசம்பர் முதல் மே வரை சீசன். சில வருடம் நிறைய வரும், சில வருடம் ஏமாற்றும். ஆனால் செபுவுக்குப் போட்ட பேக்கேஜை டோன்சோலுக்கு மாற்றச் சொன்னால் நம்மூர்க் கடைகள் முகம் சுளிக்கும். தனி விமானம், தனி ரூம், அவர்களுக்குக் கமிஷன் குறைவு.

அடுத்தது மாலத்தீவு. மலைக்காரர்களுக்குத் தோதான வழி இதுதான்: கோவைக்கு இறங்கி, கொச்சி அல்லது திருவனந்தபுரம் போய், அங்கிருந்து மாலே. இந்தியர்களுக்கு விசா அங்கே இறங்கியதும் கிடைக்கும், கட்டணம் இல்லை. புறப்படுவதற்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் இணையத்தில் பயணப் படிவம் நிரப்ப வேண்டும்; இதை மறந்துவிட்டு ஏர்போர்ட் கவுன்டரில் போனைத் தடவிக்கொண்டு நிற்பவர்கள் ஒவ்வொரு விமானத்துக்கும் உண்டு. சுறா இருக்குமிடம் மாலே அல்ல, தெற்கு ஆரி பவளத்தீவு. டிகுரா, தங்கேத்தி, மாமிகிலி என்கிற தீவுகளில் ஏதாவது ஒன்றில் தங்க வேண்டும். மாலேயிலிருந்து ஸ்பீட் போட்டில் சுமார் 2 மணி நேரம். மாமிகிலிக்கு உள்நாட்டு விமானமும் உண்டு. மாலே பக்கத்திலேயே ரூம் போட்டுவிட்டு “டே டிரிப்பில் சுறா” என்று பேக்கேஜ் சொன்னால் போகவர 4 மணி நேரம் படகிலேயே போய்விடும். தேடுவதற்கு மிஞ்சுவது கொஞ்சம். இவை உள்ளூர் மக்கள் வாழும் தீவுகள். மது கிடையாது, கடற்கரையில் உடைக் கட்டுப்பாடு உண்டு. ரூம் வாடகைக்கு மேல் தலைக்கு ஒரு நாளுக்கு 6 டாலர் பசுமை வரியும் வரும், பெரிய ரிசார்ட் என்றால் 12. கடை கொடுக்கும் விலையில் இது சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வையுங்கள்.

தெற்கு ஆரியில் 42 சதுர கிலோமீட்டர் கடல் 2009 முதல் பாதுகாக்கப்பட்ட பகுதி. மாலத்தீவு திமிங்கலச் சுறா பிடிப்பதை 1995-லேயே தடை செய்துவிட்டது. வருடம் முழுக்க மீன் கிடைக்கும் உலகின் சில இடங்களில் இது ஒன்று. பெரும்பாலும் இளம் ஆண்கள். ஆழ்கடலில் இரை தேடிவிட்டு, குளிர்ந்த உடம்பைச் சூடாக்கிக்கொள்ள மேலே வருகின்றன என்பது ஆய்வாளர்கள் சொல்லும் முக்கியக் காரணம். ஜனவரி உறைபனிக் காலையில் ஊட்டிக்காரர்கள் வாசலில் நின்று வெயில் காய்வது மாதிரி. காய்ந்து முடிக்கும் முன்னே விரட்டினால், குளிரோடு மறுபடியும் கீழே போய்விடும். இது தெரிந்தால் விரட்டத் தோன்றாது.

ஆனால் விரட்டத்தான் செய்கிறார்கள். தெற்கு ஆரியின் குறை இதுதான். பவளப்பாறை விளிம்பில் ஒரு மீன் தென்பட்டதும் வயர்லெஸ்ஸில் செய்தி போய், பத்துப் பதினைந்து படகு சூழ்ந்துகொள்ளும். மோசமான படகோட்டி என்ன செய்வார் தெரியுமா? மீன் போகும் பாதைக்கு நேர் முன்னால் படகைக் கொண்டுபோய் ஆட்களை இறக்குவார். மீன் திசை மாறும். ஆட்களை ஏற்றி, மறுபடி முன்னால் போய் இறக்குவார். நாலாவது முறை மீன் கீழே போய்விடும். படகில் எல்லாரிடமும் வீடியோ இருக்கும், எல்லா வீடியோவிலும் வாலும் மற்றவர்களின் கால்களும்தான் இருக்கும். நல்ல படகோட்டி மீனுக்குப் பக்கவாட்டில், தள்ளி, இன்ஜினை நியூட்ரலில் போட்டு இறக்குவார். தொம்மென்று குதிக்க விட மாட்டார். படகு வெட்டுக் காயம் இங்கேயும் சகஜம். பாதுகாப்புப் பகுதி என்று சட்டம் இருக்கிறது, காவல் போதாது. தீர்ப்பு: கேள்வி கேட்டு வாங்கலாம்.

என்ன கேள்வி? தண்ணீரில் ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர் என்பதை முதலில் கேளுங்கள். 6-க்கு மேல் சொன்னால் வேறு படகு பாருங்கள். மீன் கிடைக்காவிட்டால் என்ன என்று கேளுங்கள். “பார்க்கும் வாய்ப்பு நல்லா இருக்கு, கிடைக்கலைன்னா மறுபடி பாதி விலைக்கு கூட்டிட்டுப் போவாங்க” என்பது நேர்மையான பதில். “கிடைக்காம இருக்கவே இருக்காது” என்பது சந்தேகத்துக்குரியது. ஒரு மீனிடம் ஏற்கனவே படகுகள் நின்றால் உங்கள் படகு காத்திருக்குமா, அல்லது உள்ளே புகுமா என்பதை நம்மூர்க் கடையில் கேட்டுப் பயனில்லை, அவருக்குத் தெரியாது. படகை நடத்தும் கெஸ்ட் ஹவுஸ் பெயரை வாங்கி நேராகவே எழுதிக் கேளுங்கள். பெயர் கொடுக்கத் தயங்கும் கடை, அங்கே போன பிறகு கிடைக்கிற படகில் ஏற்றிவிடும் கடை.

மூன்றாவது, மேற்கு ஆஸ்திரேலியாவின் நிங்கலூ. கோவையிலிருந்து சிங்கப்பூர், அங்கிருந்து பெர்த், அப்புறம் லெர்மன்த் என்கிற சின்ன ஏர்போர்ட், பிறகு எக்ஸ்மவுத் ஊர். மார்ச் முதல் ஜூலை வரை சீசன். நம் பள்ளிக் கோடை விடுமுறைக்குச் சரியாகப் பொருந்தும். படகு டூர் மட்டுமே தலைக்கு 400 ஆஸ்திரேலிய டாலரைத் தாண்டும், அதனால் பேக்கேஜ் விலையைப் பார்த்து மயங்கி விழாதீர்கள். அந்தக் காசு எங்கே போகிறது என்றால், மேலே பறந்து மீனைக் கண்டுபிடிக்கும் சிறு விமானத்துக்கு, உரிமத்துக்கு, காவலுக்கு. உரிமம் பெற்ற படகுகள் எண்ணிக்கையில் குறைவு. மீனைச் சுற்றி 250 மீட்டருக்குள் ஒரே ஒரு படகு, அதுவும் 8 நாட் வேகத்துக்குள். அதாவது மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். 30 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது. ஒரே சமயத்தில் 10 பேர்தான் தண்ணீரில். தலை, உடலிலிருந்து 3 மீட்டர், வாலிலிருந்து 4 மீட்டர் தள்ளி இருக்க வேண்டும். ஃபிளாஷ் கூடாது, ஸ்கூபா கூடாது, தொடக் கூடாது.

ஊட்டி, கொடைக்கானல் இ-பாஸோடு இதை ஒப்பிடாமல் இருக்க முடியவில்லை. 2024 மே மாதம் பாஸ் வந்தது, 2025-இல் ஊட்டிக்கு நாளுக்கு 6,000 வண்டி, சனி ஞாயிறு 8,000 என்று உயர்நீதிமன்றம் உச்சவரம்பும் வைத்தது. மலைக்குள் வரும் வண்டியை எண்ணுகிறோம். தொட்டபெட்டாவில் ஒரே நேரத்தில் எத்தனை பேர் நிற்கலாம் என்று எண்ணுவதில்லை. நிங்கலூவில் எண்ணுவது ஒரு மீனைச் சுற்றி எத்தனை பேர் என்று. அந்த வித்தியாசம் தண்ணீருக்குள் இறங்கிய முதல் நிமிடத்திலேயே தெரியும். மீன் நிதானமாகப் போய்க்கொண்டிருக்கும், நாம் பக்கத்தில் போய்க்கொண்டிருப்போம். பணம் இருப்பவர்களுக்குத் தயங்காமல் சொல்லலாம்: இது வாங்க வேண்டிய பேக்கேஜ்.

இனி நம் பக்கத்து வேலை. எந்தக் கடையும் சொல்லித்தராத பகுதி இது.

மலையில் நீந்தக் கற்றுக்கொள்ளும் வசதி குறைவு. ஏரியில் இறங்க முடியாது, குளிரில் குளத்துக்கு யார் போவது? டூருக்கு ஆறு வாரம் முன்னாலிருந்து வாரம் இரண்டு நாள் கோவையிலோ மேட்டுப்பாளையத்திலோ குளம் பார்த்து இறங்குங்கள். நீச்சல் பாணி அழகாக இருக்க வேண்டியதில்லை. முகத்தைத் தண்ணீருக்குள் வைத்தபடி, ஸ்நார்க்கல் குழாயில் மூச்சுவிட்டு, காலில் துடுப்புக்காலணியோடு 200 மீட்டர் நிற்காமல் போக வந்தால் போதும். திமிங்கலச் சுறா மெதுவாகப் போவதுபோல்தான் தெரியும். பக்கத்தில் நீந்திப் பார்த்தால் ஐந்து நிமிடத்தில் தொடை பிடித்துக்கொள்ளும். கால் முட்டியை மடக்கி, சைக்கிள் மிதிப்பதுபோல் உதைப்பவர்களுக்கு இன்னும் சீக்கிரம் பிடிக்கும். இடுப்பிலிருந்து, காலை நீட்டி உதைக்கப் பழகுங்கள்.

மாஸ்க் சொந்தமாக வாங்குவது நல்லது. வாரை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக உறிஞ்சுங்கள். கையை எடுத்தாலும் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுதான் உங்கள் மாஸ்க். மீசை வைத்திருப்பவர்களுக்கு மூக்குக்குக் கீழே சிலிக்கான் விளிம்பு ஒட்டாது, சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் இறங்கும். மூக்கை ஒட்டிய மேல் ஓரத்தை மட்டும் மூன்று மில்லிமீட்டர் அளவுக்குச் சிரைத்துவிட்டால் தீர்ந்தது, முழு மீசையையும் பலி கொடுக்க வேண்டாம். வாசலின் தடவச் சொல்வார்கள். கேட்காதீர்கள், சிலிக்கானும் கெடும், கடலும் கெடும். தலைக்கு எண்ணெய் வைக்கும் பழக்கம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். தேங்காயெண்ணெய் நெற்றியில் வழிந்தால் மாஸ்க் வழுக்கும், நீர்மேல் படலமாகவும் மிதக்கும். நீள முடியைப் பின்னிக் கொண்டையாக்காமல் தாழ விடுங்கள். கொண்டை மாஸ்க் வாரைத் தூக்கிவிடும். கண்ணாடி போடுபவர்களுக்குப் பவர் வைத்த மாஸ்க் கிடைக்கிறது. பனிமூட்டம் படியாமல் இருக்க உள்பக்கம் எச்சிலைத் தடவிக் கழுவினால் போதும், ஷாம்பு தேவையில்லை.

சன்ஸ்க்ரீனில்தான் பலர் காசை வீணாக்குகிறார்கள். “ரீஃப் சேஃப்”, அதாவது பவளப்பாறைக்குக் கெடுதல் இல்லாதது, என்று டியூபில் பச்சை எழுத்தில் போட்டிருப்பதற்கு அங்கீகரித்த வரையறை எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம். திருப்பிப் பின்பக்கத்து மூலப்பொருள் பட்டியலைப் படியுங்கள். முக்கியமாகத் தவிர்க்க வேண்டியவை இரண்டு. ஆக்ஸிபென்சோன் என்பது அங்கே பென்சோபீனோன்-3 என்ற பெயரில் ஒளிந்திருக்கும். ஆக்டினாக்ஸேட் என்பது எத்தில்ஹெக்ஸில் மெத்தாக்ஸிசின்னமேட் என்ற நீண்ட பெயரில் இருக்கும். இவை இரண்டும் உள்ள சன்ஸ்க்ரீன் விற்பனையை ஹவாய் 2021 முதல் நிறுத்திவிட்டது. பலாவ் நாடு 2020-லேயே இவை உட்படப் பல பொருள்களைத் தடுத்தது. தாய்லாந்தும் தன் கடல் தேசியப் பூங்காக்களில் தடை போட்டிருக்கிறது. நானோ அல்லாத ஜிங்க் ஆக்ஸைடு உள்ளது பரவாயில்லை. முகம் வெள்ளையடித்தது மாதிரி இருக்கும், இருக்கட்டும்.

அதைவிட எளிய கணக்கு ஒன்று உண்டு. உடம்பு முழுக்கச் சரியாகப் பூச ஒரு தடவைக்குச் சுமார் 30 மில்லி சன்ஸ்க்ரீன் வேண்டும். ரேஷ் கார்டு என்கிற முழுக்கை நீச்சல் சட்டையும் கணுக்கால் வரை நீச்சல் லெக்கின்ஸும் போட்டால் முகம், கழுத்து, புறங்கை, பாதம் மட்டும் மிஞ்சும். 5, 6 மில்லியில் முடிந்துவிடும். முதுகுதான் ஸ்நார்க்கலில் முதலில் கருகும் இடம், அதைத் துணியே காப்பாற்றிவிடும். தங்கும் தீவின் உடைக் கட்டுப்பாட்டுக்கும் இதுவே பொருந்தும். ஒரு செட் வாங்கினால் நாலைந்து டியூப் மிச்சம். காட்டன் டி-ஷர்ட் மட்டும் வேண்டாம். ஈரத்தில் தொங்கி இழுக்கும், வெயிலையும் சரியாகத் தடுக்காது.

படகு குமட்டல் மலைக்காரர்களுக்கு வராது என்று ஒரு நம்பிக்கை உண்டு. கல்லட்டியின் 36 வளைவைத் தாண்டியவனுக்குப் படகு என்ன என்பார்கள். தவறு. வளைவில் உடம்பு ஆடுவது பக்கவாட்டில். அலையில் மேலும் கீழும். படகின் முன்பக்கம் போட்டோவுக்கு நன்றாக இருக்கும், ஆனால் அங்கேதான் தூக்கிப்போடும். நடுவுக்குச் சற்றுப் பின்னால் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள். மாத்திரை போடுவதானால் டாக்டரிடம் கேட்டு, படகு கிளம்ப ஒரு மணி நேரம் முன்பே போட வேண்டும். குமட்ட ஆரம்பித்த பிறகு போட்டால் அது தண்ணீரில்தான் போகும்.

தண்ணீரில் இறங்கியதும் வழிகாட்டியின் பின்னால், மீனுக்கு ஒரே பக்கத்தில், மார்புத் துடுப்புக்கு நேராக இருங்கள். முன்னால் போகாதீர்கள். மாஸ்க்கின் வழியே எல்லாம் நாலில் ஒரு பங்கு நெருக்கமாகத் தெரியும், அதனால் தூரக் கணக்கு எல்லாருக்கும் தப்பும். உங்கள் கண்ணுக்கு 3 மீட்டர் போல் தெரிந்தால் நிஜத்தில் 4 இருக்கும். அந்தத் தப்பு நல்ல தப்பு, அப்படியே விட்டுவிடுங்கள். மீன் சட்டென்று சாய்ந்து முதுகைக் காட்டினாலோ, உடலைச் சிலிர்த்தாலோ, கண்ணை உள்ளே உருட்டினாலோ போதும் என்கிறது. நில்லுங்கள், பின்தொடராதீர்கள்.

மீனோடு சேர்ந்து கீழே மூழ்கிப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு ஒரு கணக்கு. ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்கும்போது வழியெல்லாம் காது அடைக்கும், எச்சில் விழுங்குவோம். அந்த மொத்தப் பயணத்தில் காது வாங்கும் அழுத்த மாற்றம் கடலில் 2 மீட்டர் மூழ்கினாலே வந்துவிடும், அதுவும் மூன்று நொடியில். சளி இருந்தால் மேலேயே மிதந்துகொண்டிருங்கள்.

ஸ்நார்க்கல் செய்தவர்களுக்கு மலை ஏறத் தடை இல்லை. ஆனால் பேக்கேஜோடு “ஒரு ஸ்கூபா டைவ் இலவசம்” என்று ஒட்டிக்கொடுப்பார்கள், அப்போது கதை வேறு. சிலிண்டர் காற்றை ஆழத்தில் சுவாசித்தால் நைட்ரஜன் உடம்பில் கரைந்து நிற்கும். உயரத்துக்குப் போனால் குமிழாக வெளியே வரும். ஒரே ஒரு சாதாரண டைவ் என்றால் 12 மணி நேரம், பல டைவ் என்றால் 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது என்பது டைவர்களின் விதி. விமானத்துக்குள் இருக்கும் காற்றழுத்தமும் ஊட்டியின் 2,240 மீட்டர் உயரத்துக் காற்றழுத்தமும் ஏறக்குறைய ஒன்றுதான். மாலத்தீவிலிருந்து வருபவர்கள் விமானத்துக்காகவாவது காத்திருப்பார்கள். ராமேஸ்வரத்திலோ புதுச்சேரியிலோ காலையில் டைவ் அடித்துவிட்டு இரவே காரில் கொடைக்கானல் ஏறுபவர்களுக்கு யார் சொல்வது? அன்றிரவு மதுரையிலோ பழநியிலோ தங்கிவிடுங்கள். ஏறிய பிறகு மூட்டு வலி, தோல் அரிப்பு, விரல் மரத்துப்போவது ஏதாவது வந்தால் மேலே போகாமல் உடனே கீழிறங்கி, ஆக்ஸிஜன் வசதியுள்ள ஆஸ்பத்திரியில் டைவ் செய்ததைச் சொல்லியே காட்டுங்கள். சொல்லாவிட்டால் வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

சாப்பாட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. படகில் பார்சல் கொடுப்பார்கள். ஃபாயில், கவர், ஸ்பூன், எல்லாம் காற்றில் பறக்கும் சாமான். எவர்சில்வர் டப்பாவும் வாட்டர் பாட்டிலும் கொண்டுபோங்கள். 2000-இலேயே பிளாஸ்டிக்கைத் தடுக்க ஆரம்பித்த நீலகிரி மாவட்டத்துக்காரர்களுக்கு இது புதிதல்ல. திமிங்கலச் சுறாவுக்கு இது ஏன் மற்ற மீன்களைவிட முக்கியம் என்றால், அதன் வாய் ஒரு வடிகட்டி. மெக்ஸிகோவின் யுகடான் கடலில் 6 மீட்டருக்குச் சற்று மேல் நீளமுள்ள ஒரு மீன் மணிக்குச் சுமார் 614 கன மீட்டர் தண்ணீரை வடிப்பதாகக் கணக்கிட்டார்கள். 6,000 லிட்டர் தண்ணீர் லாரி நூற்றுக்கு மேல். அதில் எது மிதந்தாலும் உள்ளே போகும். இந்தோனேசியாவின் ஜாவா கடலோரத்தில் அது மணிக்கு 137 பிளாஸ்டிக் துண்டுகள் வரை விழுங்கக்கூடும் என்று 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. குன்னூர் ஆற்றில் விழும் சிப்ஸ் கவர் பவானியில் சேரும், பவானி கூடுதுறையில் காவிரியோடு சேரும், காவிரி பூம்புகாரில் கடலோடு சேரும். நடுவில் அணைகள் கொஞ்சம் பிடித்து வைக்கும்; வெள்ளம் வந்தால் திறந்துவிடும். மாலத்தீவு போகாமலே சுறாவுக்குத் தீனி போட நம்மூரிலிருந்தே வழி இருக்கிறது.

இவ்வளவு செலவு முடியாது, ஆனால் இந்த மீனைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டும் என்பவர்களுக்கு குஜராத்தின் வேராவல் கரைக் கதையே போதும். அங்கே ஒரு காலத்தில் இதற்கு “பேரல்” என்று பெயர்; கொக்கியில் பீப்பாய்களைக் கட்டி, மீன் மூழ்க முடியாமல் களைத்ததும் பிடிப்பார்கள், அதனால் வந்த பெயர். 2004 முதல் நடந்த பிரசாரத்தில் கதாகாலட்சேபம் செய்யும் மொராரி பாபு, பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்கு வரும் மகளாக இதைப் பாருங்கள் என்றார். இன்று அங்கே “வாலி”, அதாவது பிரியமானவள், என்கிறார்கள். வலையில் சிக்கினால் வலையை அறுத்து விடுகிறார்கள். அறுத்த வலைக்கு அரசு ஈடு கொடுக்கிறது. அங்கே டூர் கிடையாது, டிக்கெட்டும் கிடையாது. இருந்தும் இந்தப் பட்டியலில் மீனுக்கு அதிகம் உதவிய ஏற்பாடு அதுதான் என்று தோன்றுகிறது.

போய்த் திரும்பியவர்களுக்குக் கடைசியாக ஒன்று. திமிங்கலச் சுறாவின் முதுகுப் புள்ளிகள் நம் கைரேகை மாதிரி, ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. வானத்து நட்சத்திரக் கூட்டங்களைப் பொருத்திப் பார்க்க எழுதிய கணக்கு முறையைக் கொஞ்சம் மாற்றி, இந்தப் புள்ளிகளைக் கம்ப்யூட்டரில் பொருத்திப் பார்க்கிறார்கள். உலகம் முழுக்க வரும் படங்களைச் சேர்க்கும் இணையத் தரவுத்தளம் இருக்கிறது, படகு வழிகாட்டியிடம் கேட்டால் காட்டுவார். செல்ஃபியை அவர்களுக்கு அனுப்பிப் பயனில்லை. அவர்களுக்கு வேண்டியது மீனின் இடப்பக்கம், கடைசிச் செவுள் பிளவுக்குப் பின்னால், மார்புத் துடுப்புக்கு மேலே உள்ள பகுதி, பக்கவாட்டில் நேராக, ஃபிளாஷ் இல்லாமல். தேதியும் இடமும் சேர்த்து அனுப்புங்கள். வலப்பக்கம் மட்டும் கிடைத்திருந்தால் அதையும் அனுப்பலாம். இடப்பக்கம்தான் முதலில் கேட்பார்கள்.